ஒட்டகமும் புல்புலும்: ஒரு வழக்கின் இரு வாதிகள்

கி.பி. 10ஆம் நூற்றாண்டில் பஸ்ரா நகரில் தம் பெயர்களை மறைத்துக்கொண்டு அறிவுப் பணியாற்றிய குழுவொன்று இருந்தது. 'இக்வானுஸ் ஸஃபா' (தூய்மையின் சகோதரர்கள்) எனத் தம்மை அழைத்துக்கொண்ட அக்குழுவினர் கணிதம், இசை, வானியல், இயற்கை, ஆன்மா, சமயம் எனப் பல துறைகளையும் தழுவி ஐம்பதுக்கும் மேற்பட்ட ரிஸாலாக்களை எழுதினர். அவற்றுள் 22ஆவது ரிஸாலா விலங்குகளைப் பற்றியது. அதன் பெரும்பகுதி ஒரு கதையாக, இன்னும் சரியாகச் சொன்னால் ஒரு நீதிமன்ற வழக்காக அமைந்துள்ளது.

புயலில் சிக்கிய கப்பலொன்று ஒரு தீவில் கரையொதுங்குகிறது. கரையேறிய மனிதர்கள் அங்குச் சுதந்திரமாக வாழ்ந்த விலங்குகளைப் பிடித்து அடிமைகொள்ள முற்படுகின்றனர். அத்தீவை ஆள்பவன் பீவராஸ்ப் என்னும் ஞானமிக்க ஜின் அரசன். விலங்குகள் அவனிடம் முறையிடுகின்றன. மனிதர்களோ, விலங்குகள் யாவும் தமக்கு அடிமைகளே என வாதிடுகின்றனர். அந்த மன்றத்தில் கால்நடைகளின் தரப்பிலிருந்து எழுந்து தன் துயரைச் சொல்லும் உயிர்களுள் ஒன்று ஒட்டகம். பறவைகளின் தூதராக வந்து மனிதனின் இறுதி வாதங்களுக்கு மறுமொழி கூறுவது 'ஹஸார் தாஸ்தான்', அதாவது புல்புல்.

இவ்விரு உயிர்களையும் ஒப்பிட்டு நோக்குவது இக்கட்டுரையில் நமது நோக்கமாகும். முதற்பார்வைக்கு இவற்றை ஒப்பிட எதுவும் இல்லை. வளர்ந்த ஒட்டகமொன்று ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ளது; புல்புலின் எடை 20 கிராம் அளவே. ஒரு தட்டில் ஒட்டகத்தை வைத்தால் மறு தட்டில் 25,000 புல்புல்களை வைக்க வேண்டும். நம் மனங்களிலும் இவற்றின் இடம் வெவ்வேறு. ஒட்டகம் உழைப்புக்கும் பொறுமைக்கும் உவமை. புல்புல் அழகுக்கும் காதலுக்கும் உவமை. ஒன்று சுமக்கப் படைக்கப்பட்டது, மற்றொன்று பாடப் படைக்கப்பட்டது என்று எளிதாகப் பிரித்துவிடுகின்றோம். இந்தப் பிரிவினை எவ்வளவு தூரம் உண்மை என்பதும், அது தவறாயின் மனிதனுடைய நிலை என்னவாகிறது என்பதுமே நம் முன் உள்ள வினாக்கள்.

பெயர்கள்

முதலில் பெயர்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. நாம் இங்குக் குறிப்பிடும் ஒட்டகம் அரபகத்தின் ஒற்றைத் திமில் ஒட்டகம். அது தமிழ் மண்ணுக்குரிய விலங்கன்று. ஆயினும் அதன் பெயர் தமிழில் மிகப் பழையது. தொல்காப்பிய மரபியல், பெண் ஒட்டகத்தைப் 'பெட்டை' என வழங்கலாம் என்று இலக்கணம் வகுக்கிறது.

புல்புலின் நிலை இதற்கு நேர்மாறானது. பாரசீக, உருதுக் கவிதைகளின் வழியே 'புல்புல்' என்னும் சொல் நமக்கு நன்கு அறிமுகமாகியுள்ளது. ஆனால் நம் தோட்டங்களில் கொண்டையும் வால் அடியில் சிவப்புமாகத் திரியும் சின்னானுக்கும் ஆங்கிலத்தில் புல்புல் என்றே பெயர். இதனால் ஷீராஸின் கவிஞர்கள் பாடிய பறவை நம் வீட்டு வேலியில் அமரும் பறவைதான் என்று பலர் எண்ணிவிடுகின்றனர். அது சரியன்று. கவிஞர்களின் புல்புல், ஆங்கிலத்தில் நைட்டிங்கேல் எனப்படும் பறவையாகும். அரபியில் அதற்கு 'அந்தலீப்' என்றும் பெயருண்டு. 'ஆயிரம் கதைகள்' எனப் பொருள்படும் 'ஹஸார் தாஸ்தான்' என்பது பாரசீகர் அதன் குரல் வளத்தைக் கண்டு வழங்கிய பெயர். அது ஐரோப்பாவிலும், வட ஆப்பிரிக்காவின் ஒரு பகுதியிலும், மேற்கு ஆசியாவிலிருந்து மத்திய ஆசியா வரையிலும் இனப்பெருக்கம் செய்கிறது. குளிர்காலத்தைச் சஹாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவில் கழிக்கிறது. தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ வாழும் பறவையன்று அது.

நீரைக் காக்கும் பேருடல்

திருக்குர்ஆனின் 88ஆம் அத்தியாயம், ஒட்டகம் எவ்வாறு படைக்கப்பட்டுள்ளது என்று நோக்குமாறு மனிதனை அழைக்கிறது. வானமும் மலைகளும் பூமியும் அந்த அழைப்பில் ஒட்டகத்துக்குப் பின்னரே வருகின்றன. ஒட்டகத்துடன் அன்றாடம் வாழ்ந்த சமூகத்தை நோக்கியே இவ்வழைப்பு விடுக்கப்பட்டது என்பது சிந்திக்கத்தக்கது. நாள்தோறும் காண்பதையே மனிதன் நோக்காது விடுகிறான் போலும்.

ஒட்டகத்தின் திமிலில் நீர் சேமிக்கப்பட்டுள்ளது என்பது இன்றும் பரவலான நம்பிக்கை. திமிலில் இருப்பது கொழுப்பே. 1 கிராம் கொழுப்பு உடலில் எரியும்போது 1 கிராமுக்குச் சற்றே மிகுதியான நீர் உண்டாகிறது என்பது உண்மை. ஆனால் அதனை எரிப்பதற்குத் தேவையான பிராணவாயுவைப் பெற வறண்ட காற்றை மூச்சாக இழுக்க வேண்டும். அம்மூச்சின் வழியே நீர் வெளியேறிவிடும். எனவே திமிலை நீர்த்தொட்டியாகக் கொள்ள இடமில்லை. அது உணவுக் களஞ்சியம். கொழுப்பு முழுவதும் முதுகின் மேல் ஓரிடத்தில் குவிந்திருப்பதால், உடலின் ஏனைய பகுதிகள் வெப்பத்தை எளிதில் வெளியேற்ற முடிகிறது.

அவ்வாறாயின் நீரின்றி ஒட்டகம் எவ்வாறு தாங்குகிறது? இவ்வினாவுக்கு அளந்து பெற்ற விடையை 1953-54ஆம் ஆண்டுகளில் அல்ஜீரியப் பாலைவனத்தின் பெனி அப்பாஸ் என்னும் சோலையில் ஆய்வு செய்த உடலியல் அறிஞர் நுட் ஷ்மிட்-நீல்சனும் அவருடைய குழுவினரும் வழங்கினர். நீர் கிடைக்கும் காலத்தில் ஒட்டகத்தின் உடல் வெப்பம் ஒரு நாளில் 2 பாகை அளவே மாறுகிறது. நீர் கிடைக்காதபோதோ அது விடியற்காலையில் 34 பாகை செல்சியஸ் அளவுக்குத் தாழ்ந்து, பிற்பகலில் 40 பாகைக்கு மேல் உயர்கிறது. மனிதனுக்குக் கடுங்காய்ச்சலாகும் இவ்வுயர்வு ஒட்டகத்துக்குச் சிக்கனமாகும். பகலின் வெப்பத்தை வியர்த்து வெளியேற்றாமல் உடலிலேயே தேக்கி வைத்து, இரவின் குளிரில் வியர்வையின்றி வெளியேற்றிவிடுகிறது. இதனால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 4 முதல் 5 லிட்டர் நீர் மிச்சமாகிறது. பெரிய உடல் மெதுவாகவே சூடேறும் என்பதால்தான் இது இயலுகிறது. வெயிலில் உரோமம் கத்தரிக்கப்பட்ட ஒட்டகம் உரோமமுள்ள ஒட்டகத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நீரை இழந்தது என்பதையும் அவர்கள் கண்டனர். அந்த உரோமம் வெயிலைத் தடுக்கும் கூடாரமாகும்.

தன் எடையில் நான்கில் ஒரு பங்கு நீரை இழந்த பின்னும் ஒட்டகம் உயிர்வாழ்கிறது. அதில் பாதியளவு நீரிழப்பே மனிதனுக்கு உயிராபத்தாகும். பின்னர் நீர்நிலையை அடைந்ததும் சில நிமிடங்களில் 100 லிட்டருக்கும் மேல் குடித்துவிடுகிறது. அவ்வளவு நீர் திடீரெனக் குருதியில் கலந்தால் ஏனைய பாலூட்டிகளின் சிவப்பணுக்கள் வெடித்துவிடும். ஒட்டகத்தின் சிவப்பணுக்கள் நீள்வட்ட வடிவின. அவை இரண்டு மடங்குக்கும் மேல் ஊதியும் உடையாமல் நிற்கின்றன.

கொழுப்பைச் சுமக்கும் சிற்றுடல்

சிறகுகளை விரித்தும் மடக்கியும் தமக்கு மேலே செல்லும் பறவைகளைக் காணவில்லையா என்று 67ஆம் அத்தியாயம் கேட்கிறது. ஒட்டகத்தை நோக்கச் சொன்ன அதே அழைப்பு இங்குப் பறவையின் பக்கம் திரும்புகிறது.

ஒட்டகத்தின் உபாயங்களுள் எதுவும் புல்புலுக்கு உதவாது. 20 கிராம் உடல் வெப்பத்தைத் தேக்கி வைக்க முடியாது. நொடியில் சூடேறி நொடியில் குளிரும். நீரைச் சுமக்கவும் முடியாது. ஒவ்வொரு கிராமும் பறத்தலுக்குப் பாரம். எனவே அதன் ஆயத்தம் வேறு வகையானது. வலசை செல்லும் சிறு பறவைகள் புறப்படுவதற்கு முந்திய வாரங்களில் இடைவிடாது உண்டு, தோலின் அடியிலும் வயிற்றிலும் கொழுப்பைச் சேர்க்கின்றன. அவற்றுள் சில தம் வழக்கமான எடையில் பாதிக்கும் மேலான கொழுப்பைச் சேர்ப்பதுண்டு. ஒட்டகத்துக்குத் திமில் ஆயுள் முழுவதும் உண்டு. புல்புலோ ஆண்டுக்கு இருமுறை தனக்கொரு திமிலை ஆக்கிக்கொள்கிறது என்று சொல்லலாம்.

பறக்கும்போது கொழுப்போடு தசையும் குடல், ஈரல் போன்ற உள்ளுறுப்புகளும் ஓரளவு கரைகின்றன. இதனை வெறும் இழப்பாகக் கொள்ள முடியாது. புரதம் சிதையும்போது அதனோடு கட்டுண்டிருந்த நீர் விடுபடுகிறது. வறண்ட காற்றில் பறக்கும் பறவைகள் புரதத்தை மிகுதியாகக் கரைக்கின்றன என்பது 2011இல் வெளியான ஆய்வொன்றில் காற்றுச் சுரங்கத்தில் அளந்து காட்டப்பட்டது. அதாவது தன் உடலையே சிறிது சிறிதாகப் பருகிக்கொண்டு அப்பறவை பாலையைக் கடக்கிறது.

ஒரே பாலை, இரு பயணங்கள்

இப்போது இவ்விரு உயிர்களையும் ஒரே நிலத்தில் வைத்துப் பார்ப்போம். அந்நிலம் சஹாரா. வடக்கிலிருந்து தெற்கே அதன் அகலம் ஏறத்தாழ 1,500 முதல் 2,000 கிலோமீட்டர்.

1352ஆம் ஆண்டு தொடக்கத்தில் இப்னு பதூதா மொராக்கோவின் ஸிஜில்மாஸா நகரிலிருந்து ஒட்டகச் சாத்து ஒன்றுடன் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். உப்புச் சுரங்க ஊரான தகாஸாவை அடைய 25 நாட்கள் ஆயின. அதற்கப்பால் வழக்கமாக நீரே கிடைக்காத 10 நாள் பாதையைக் கடக்க வேண்டும். ஸிஜில்மாஸாவிலிருந்து பாலையின் தென்கரையான வலாத்தாவை அடைய மொத்தம் இரண்டு மாதங்கள் ஆயின. சாத்து வருவதை முன்கூட்டியே அறிவிக்க ஒரு தூதர் தனியே அனுப்பப்படுவார்; அவர் வழியில் மாண்டுவிட்டால் நீருடன் எதிர்கொள்ள ஆட்கள் வரமாட்டார்கள், சாத்தும் அழிய நேரும் என்று இப்னு பதூதா பதிவு செய்கிறார். உப்பும் நூல்களும் மார்க்க அறிஞர்களும் மேற்கு ஆப்பிரிக்காவை அடைந்தது இந்த ஒட்டகங்களின் முதுகில்தான். திம்புக்துவின் நூலகங்கள் ஒட்டகம் இன்றித் தோன்றியிருக்க முடியாது.

அதே பாலையின் மேலே, ஆண்டுதோறும் இலையுதிர் காலத்திலும் வசந்தத்திலும் புல்புல் பறந்து செல்கிறது. அது இரவில் பறப்பது. சிறு பறவைகள் சஹாராவை ஒரே மூச்சில் கடக்கின்றனவா என்ற வினா நெடுநாள் விவாதத்துக்குரியதாக இருந்தது. சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் மவுரித்தானியப் பாலையில் ரேடார் கருவிகளை நிறுவிப் பெற்ற முடிவுகள் 2007இல் வெளிவந்தன. பெரும்பாலான பாடும் பறவைகள் இரவில் பறந்து பகலில் பாலையிலேயே தங்குகின்றன என்று அவை காட்டின. கல்லின் நிழலோ முட்செடியின் அடியோ கிடைத்தால் அங்கே அசையாதிருந்து, இரவின் குளிரில் மீண்டும் எழுகின்றன.

வெயிலை வெல்வதற்கு இரவைத் துணைகொள்ளும் இவ்வொற்றுமை கருதத்தக்கது. ஒட்டகம் பகலின் வெப்பத்தை இரவிடம் ஒப்படைக்கிறது. புல்புல் பகலின் பயணத்தையே இரவுக்கு ஒத்திவைக்கிறது. கோடைக்காலத்தில் சாத்துகளும் இரவில் நடப்பதையே விரும்பின. ஒருவேளை, உறங்காத ஒட்டகக்காரன் ஒருவனின் தலைக்கு மேலே அவனறியாமல் அப்பறவைகள் கடந்து சென்றிருக்கலாம். கீழே செல்லும் சாத்துக்கு வழிகாட்டி உண்டு. மேலே செல்லும் பறவைக்குத் துணையுமில்லை. முதலாண்டுக் குஞ்சுகூட முன்பின் அறியாத ஆப்பிரிக்காவை நோக்கி, விண்மீன்களையும் புவியின் காந்தப் புலத்தையும் அடையாளமாகக் கொண்டு, பிறவியிலேயே பதிந்த திசையுணர்வுடன் தனியே பறக்கிறது.

ஆகவே புல்புல் வெறும் தோட்டத்துப் பாடகன் என்ற கருத்து இங்கு நிலைகுலைகிறது. பாலையைக் கடக்கும் உழைப்பில் அது ஒட்டகத்தின் தோழனாகும்.

குரலும் செவியும்

புல்புல் உழைப்பாளி என்றால், ஒட்டகம் இசைக்குப் புறம்பானதா? அதுவுமில்லை.

முதலில் பாடகனைக் காண்போம். நன்கு பாடும் ஆண் புல்புல் ஒன்று ஏறத்தாழ 180 வகைப் பாட்டுகளை அறிந்திருப்பதாகப் பெர்லின் நகர ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். 'ஆயிரம் கதைகள்' என்ற பாரசீகப் பெயர் மிகையாயினும் காரணமற்றதன்று. குஞ்சுப் பருவத்தில் மூத்த பறவைகளைச் செவியுற்றே இவற்றை அது கற்கிறது. நள்ளிரவுகளில் நெடுநேரம் பாடுவது பெரும்பாலும் இணை கிடைக்காத ஆண் பறவையாகும். இரவில் வலசை வந்துசேரும் பெண் பறவைகளுக்கே அப்பாடல் அழைப்பு. இணை சேர்ந்ததும் இரவுப் பாடல் நின்றுவிடுவது வழக்கம். ரோஜாவைப் பிரிந்த துயரால் பாடுகிறது என்பது கவிமரபு. 12ஆம் நூற்றாண்டில் ஃபரீதுத்தீன் அத்தார் தம் 'மன்திகுத் தைர்' காவியத்தில் இம்மரபை எடுத்து அதனையே விமர்சிக்கவும் செய்தார். அங்கே ஸீமுர்கைத் தேடிய நெடும்பயணத்துக்குப் புல்புல் வர மறுக்கிறது. ரோஜாவின் காதலே தனக்குப் போதும் என்கிறது. உதிர்ந்துவிடும் அழகில் மயங்கியிருப்பதாக ஹுத்ஹுத் பறவை அதனைக் கண்டிக்கிறது. காவியத்தில் பயணத்துக்குத் தயங்கும் இப்பறவை, இயற்கையில் ஆண்டுக்கு இருமுறை பாலையைக் கடக்கும் பயணி என்பது சுவையான முரண்.

இனிச் செவியைக் காண்போம். ஒட்டகத்தை நடத்திச் செல்வோர் பாடும் பாடலுக்கு அரபியில் 'ஹுதாஉ' என்று பெயர். ஒட்டகத்தின் நடைக்கும் இப்பாடலின் சந்தத்துக்கும் உள்ள உறவை அரபு மரபு நெடுகப் பேசுகிறது. பாடல் கேட்டால் களைத்த ஒட்டகம் தலைநிமிர்ந்து, செவியை நிறுத்தி, நடையை விரைவாக்கும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் ஸமாஃ எனப்படும் இசை கேட்டலை ஆராயும்போது இவ்விரு உயிர்களையும் ஒரே அதிகாரத்தில் சாட்சிகளாக அழைக்கிறார். புல்புல் முதலிய பறவைகளின் இனிய குரலைக் கேட்பதை எவரும் ஹராம் எனக் கூறுவதில்லை. எனவே இனிய ஓசை தன்னளவில் தீமையன்று என்பது அவருடைய வாதங்களுள் ஒன்று. ஓசை உள்ளத்தை அசைக்கும் ஆற்றலுடையது என்பதற்கு ஒட்டகமே சான்று என்பது மற்றொன்று. இசையால் அசையாத மனிதன் ஒட்டகத்தையும் பறவையையும்விட உணர்ச்சியற்றவன் என்ற கருத்தையும் அவர் முன்வைக்கிறார். பாடும் உயிரும் கேட்கும் உயிருமாக இவை மனிதனின் உள்ளத்தை அளக்கும் அளவுகோல்களாகின்றன.

அதே அதிகாரத்தில் அவர் எடுத்துரைக்கும் நிகழ்ச்சியொன்று நமது ஆழ்ந்த கவனத்துக்குரியது. பாலைவனத்துக் குலமொன்றில் விருந்தாளியாகத் தங்கிய ஒருவர், விலங்கிடப்பட்டிருந்த அடிமையைக் கண்டு அவனுக்காகப் பரிந்து பேசுகிறார். தலைவனோ, இவன் என் செல்வத்தை அழித்துவிட்டான் என்கிறான். அந்த அடிமை இனிய குரலுடையவன்; பெருஞ்சுமை ஏற்றப்பட்ட ஒட்டகங்களைத் தன் பாடலால் மூன்று நாள் தொலைவை ஒரே இரவில் கடக்க வைத்தான். சுமைகள் இறக்கப்பட்டதும் அவை மடிந்து வீழ்ந்தன.

இமாம் அவர்கள் இதனை இசையின் ஆற்றலுக்குச் சான்றாகவே கூறுகிறார். ஆயினும் வேறொரு பாடமும் இதிலிருந்து கிடைக்கிறது. ஒட்டகத்தின் நுண்ணிய செவியே அதன் மரணத்துக்கு வழியாயிற்று. சாட்டையால் பெற முடியாத உழைப்பைப் பாட்டால் பெற்றனர். இங்கு நபி (ஸல்) அவர்களின் பயணமொன்று நினைவுக்கு வருகிறது. அன்ஜஷா என்னும் இனிய குரலோன் ஹுதாஉ பாட, பெண்கள் அமர்ந்திருந்த ஒட்டகங்கள் விரைந்தன. கண்ணாடிப் பாத்திரங்களைக் கொண்டு செல்வது போல் மெதுவாகச் செலுத்துமாறு அண்ணலார் அவரிடம் கூறினார்கள் என்பது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. பாட்டு தடுக்கப்படவில்லை, அதற்கு ஓர் அளவு விதிக்கப்பட்டது.

வழக்கும் தீர்ப்பும்

இப்போது ஜின் அரசனின் மன்றத்துக்குத் திரும்புவோம். அங்கே ஒட்டகம் உரைப்பது தன் உடலின் அற்புதங்களையல்ல; தன் உடலுக்கு நேர்ந்ததையே. மூக்குத் துளைக்கப்பட்டுக் கயிறு பூட்டப்பட்டது, பெருஞ்சுமையுடன் இருளில் கற்பாதைகளில் ஓட்டப்பட்டது, சேணம் உரசி முதுகும் விலாவும் புண்ணாகியது, பசியிலும் தாகத்திலும் விடப்பட்டது ஆகியவற்றை அது எடுத்துரைக்கிறது. அளவற்ற பொறுமையுடையது எனப் புகழப்படும் விலங்கு இங்கு வாய்திறந்து முறையிடுகிறது. பொறுமையைக் காரணமாகக் காட்டிச் சுமையை ஏற்றுவோருக்கு இது மறுமொழியாகும்.

மனிதர்கள் பல நாட்கள் பல வாதங்களை முன்வைக்கின்றனர். நிமிர்ந்த உருவம், கூரிய புலன்கள், அறிவு, தொழில்கள், அரசாட்சி, உயர்ந்த உணவும் உடையும் எனத் தம் சிறப்புகளை வரிசைப்படுத்துகின்றனர். ஒவ்வொன்றுக்கும் விலங்குகளிடம் விடை இருக்கிறது. தேனீயின் கட்டடத்துக்கும் எறும்பின் ஒழுங்குக்கும் முன்னால் மனிதத் தொழில்களின் பெருமை சுருங்கிவிடுகிறது.

இறுதியில் ஹிஜாஸைச் சேர்ந்த ஒருவர் எழுந்து, மறுமையையும் சுவர்க்கத்தையும் இறைவன் மனிதனுக்கு வாக்களித்துள்ளான் என்கிறார். புல்புல் இதற்குத் தரும் விடை கூர்மையானது. வாக்குறுதியை மட்டும் ஏன் சொல்கிறீர்கள், எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறது. கப்றின் விசாரணையும் மறுமைக் கணக்கும் நரக வேதனையும் மனிதனுக்கே உரியவை. நற்கூலியின் வாக்கு எங்களுக்கு இல்லாதது போலவே தண்டனையின் அச்சமும் எங்களுக்கு இல்லை, எனவே இரண்டும் ஈடாகிவிட்டன என்பது அதன் வாதத்தின் சாரம்.

அதற்குப் பின்னரே வழக்கு முடிவை நோக்கி நகர்கிறது. எந்நிலையிலும் மனிதன் நிலைத்த மறுவாழ்வுக்குரியவன் என்பதும், அவர்களுள் நபிமார்களும் இறைநேசர்களும் தோன்றினர் என்பதும் எடுத்துக்காட்டப்படுகின்றன. விலங்குகளின் தரப்பு இதனை ஏற்று அமைதியடைகிறது. விலங்குகள் மனிதரின் ஆணைக்குக் கீழேயே இருக்க வேண்டும் என அரசன் தீர்ப்பளிக்கிறான்.

இத்தீர்ப்பை மனிதனின் வெற்றி எனக் கொள்வது அவசர வாசிப்பாகும். உருவம், அறிவு, வலிமை ஆகியவற்றின் மேல் எழுப்பப்பட்ட வாதங்கள் யாவும் அம்மன்றத்தில் தோற்றுவிட்டன. நின்றது ஒன்றே: மனிதன் விசாரிக்கப்பட இருப்பவன் என்பது. விலங்குகளின் மேல் அவனுக்குள்ள அதிகாரம் எந்தக் காரணத்தால் நிலைபெறுகிறதோ, அதே காரணமே அவனைக் கணக்குக் கேட்கும் இடத்திலும் நிறுத்துகிறது. புல்புல் தன் வழக்கில் தோற்றது. ஆனால் அது நினைவூட்டிய எச்சரிக்கை தோற்கவில்லை.

இன்றைய சாட்சியம்

இவ்வழக்கு கற்பனையானது. ஆனால் இதில் ஒலிக்கும் குரல்களுக்கு நபிமொழியில் முன்மாதிரி உண்டு. அபூதாவூதின் ஜிஹாத் அத்தியாயத்தில் இரு செய்திகள் இடம்பெற்றுள்ளன. மதீனாவின் தோட்டமொன்றில் நபி (ஸல்) அவர்களைக் கண்ட ஒட்டகம் கண்ணீர் வடித்தது; அவர்கள் அதனைத் தடவி அமைதிப்படுத்தி, பட்டினி போட்டு வேலை வாங்கிய உரிமையாளரைக் கண்டித்தார்கள். மற்றொரு பயணத்தில் தோழர்கள் சிறு பறவையொன்றின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை வந்து சிறகடித்தது. குஞ்சுகளைத் திருப்பித் தருமாறு அவர்கள் பணித்தார்கள். பாலையின் மிகப் பெரிய விலங்கும் கையடக்கச் சிறு பறவையும் ஒரே அவையில் நீதி பெற்றதை இங்குக் காண்கின்றோம்.

இன்று அந்த அவையில் இவை என்ன கூறும்? மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் ஆண்டுக்கு 1.1 கோடி முதல் 3.6 கோடி வரையான பறவைகள் சட்டவிரோதமாகக் கொல்லப்படுகின்றன அல்லது பிடிக்கப்படுகின்றன என்று 2016இல் வெளிவந்த மதிப்பீடு கூறுகிறது. வலசைப் பாதையில் வலைகள் விரிக்கப்படும் நாடுகளுள் முஸ்லிம் நாடுகளும் உண்டு, ஐரோப்பிய நாடுகளும் உண்டு. உலகளவில் புல்புல் இனம் அழிவின் விளிம்பில் இல்லை. ஆயினும் பிரித்தானியாவில் 1960களின் பிற்பகுதிக்குப் பின்னர் அதன் எண்ணிக்கை ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்துள்ளது. அது கூடு கட்டும் அடர்ந்த புதர்கள் மறைந்தமை இதற்கு ஒரு முக்கிய காரணம். பெர்லினில் வாழும் புல்புல்கள் வாகன இரைச்சல் மிகுந்த இடங்களில் மேலும் உரக்கப் பாடுகின்றன என்று 2004இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. நம் இரைச்சலுக்கு மேலாகத் தன் அழைப்பைக் கேட்கச் செய்ய அது கூடுதலாக உழைக்க வேண்டியுள்ளது.

ஒட்டகத்தின் துன்பம் மறுபுறத்திலிருந்து வந்தது. ஒரு காலத்தில் அளவுக்கு மீறி வேலை வாங்கியதால் துன்புற்றது. இன்றோ வேலை இல்லாததால் கைவிடப்படுகிறது. இந்தியாவில் 2012இல் 4 லட்சமாக இருந்த ஒட்டகங்கள் 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 2.5 லட்சமாகக் குறைந்தன. லாரிகளும் டிராக்டர்களும் அவற்றின் இடத்தைப் பிடித்தன. மேய்ச்சல் நிலங்களும் சுருங்கின. வளைகுடாவின் பந்தயத் திடல்களில் ஒட்டகம் பெருஞ்செல்வமாகப் பேணப்படுகிறது. ஆனால் அங்கும் தெற்காசியச் சிறுவர்கள் சவாரிக்காகக் கொண்டுசெல்லப்பட்ட துயர வரலாறு உண்டு. 2005இல் ஐக்கிய அரபு அமீரகம் அதனைத் தடைசெய்து அச்சிறுவர்களைத் தாயகங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. அவர்களுடைய இடத்தில் தொலைவிலிருந்து இயக்கப்படும் இயந்திரங்கள் அமர்த்தப்பட்டன. அவ்வியந்திரங்களின் கையிலும் சாட்டை இருக்கிறது.

ஒட்டகத்தையும் புல்புலையும் ஒப்பிடப் புகுந்தபோது ஒன்று பயனுக்கும் மற்றொன்று அழகுக்கும் உரியது என்ற எண்ணத்திலிருந்து தொடங்கினோம். அவ்வெண்ணம் மனிதனை அளவுகோலாகக் கொண்டு பிறந்தது: நமக்குச் சுமப்பது பயன், நமக்குப் பாடுவது அழகு. புல்புல் நமக்காகப் பாடுவதில்லை. தன் இணைக்காகப் பாடுகிறது. ஒட்டகத்தின் உடல் நம் சுமைக்காக மட்டும் அமைந்ததன்று. மனிதன் அதனைப் பழக்கியது ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன்னர்தான், அதன் குலமோ அதற்குப் பல லட்சம் ஆண்டுகள் மூத்தது. பூமியில் ஊரும் உயிர்களும் சிறகால் பறக்கும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே எனத் திருக்குர்ஆனின் 6ஆம் அத்தியாயம் உணர்த்துவதை இவ்வறிவோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

பஸ்ராவின் அறிஞர்கள் தந்த தீர்ப்பில் அதிகாரம் மனிதனிடமே இருக்கிறது. அதனை வைத்திருப்பதற்கான ஒரே ஆதாரம் கணக்குக் கொடுக்கும் கடமை. வலையை விரிப்பவரும், சுமையை ஏற்றுபவரும், அவற்றைக் கண்டும் காணாதிருக்கும் நாமும் அக்கடமையை மறந்துவிட்டால், ஜின் அரசனின் மன்றத்தில் நமக்கென எஞ்சியிருந்த ஒரே வாதமும் நம் கையை விட்டுப் போய்விடும்.